ஆயாக் கொட்டாய் ஜிம்மில் அறுபது நாள்

"இன்னொரு கட்டி வந்துச்சுன்னா சாவிய என் கையில குடுத்துரணும், சன்னாசி. அப்புறம் என்கிட்ட வந்து ஒண்ணும் பேசக்கூடாது," என்றார் கிராணி திருச்செல்வம்.

மார்ச் பதினேழு, திங்கட்கிழமை, மாலை ஆறு மணி. தோட்ட அலுவலகத்தில் மேனேஜருக்கு அடுத்தபடி எழுத்தரான கிராணியின் சொல்தான். அன்று அவர் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்று பேசினார்.

"எத்தன நாளைக்கு இந்தக் கெடு?" என்று கேட்டார் சன்னாசி அண்ணன்.

"அறுபது நாள். மே பதினஞ்சு நானே வந்து பாப்பேன். மேனேஜர் இன்னிக்கே பூட்டச் சொன்னாரு. நாந்தான் கெஞ்சி வாங்கியிருக்கேன்லா."

எங்கள் ஜிம் இருப்பது மலேசியாவில், பெடாஸ் பட்டணத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே, சுங்கை மெராந்தி தோட்டத்தின் பழைய ஆயாக் கொட்டாயில். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் சென்ற கொட்டகை அது. தொட்டில் கட்டிய இரும்பு வளையங்கள் உத்தரத்தில் இன்னும் இருக்கின்றன. பையன்கள் அவற்றில் கயிறு மாட்டித் தொங்குகிறார்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டுகிற சன்னாசி அண்ணன்தான் பதினோரு வருடத்துக்கு முன்னால் நிர்வாகத்திடம் கேட்டு இந்த இடத்தை வாங்கினார். இப்போது ஆண்கள் முப்பத்திரண்டு பேர், பெண்கள் ஒன்பது பேர். விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் பஸ் ஏறிச் சிரம்பான் ஜிம்முக்குப் போக முடியாது. இது மூடினால் எங்களுக்கு வேறு இடம் இல்லை.

நான் எட்டு மாதமாகப் போகிறேன். பகலில் பெடாஸில் ஒரு மினி மார்க்கெட்டில் காசாளர் வேலை. செவ்வாய், வியாழன் மாலைகளில் ரெம்பாவில் முதியோர் பராமரிப்பு வகுப்பு. மற்ற நாட்களில் ஜிம். எழுபது கிலோவைத் தரையிலிருந்து தூக்குகிறேன். வாழ்க்கையில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று சில நாள் தோன்றும். சில நாள் அதிலும் முதுகை வளைத்துத் தூக்கினேனோ என்று சந்தேகம் வந்துவிடும்.

கிராணி போன பிறகு யாரும் எடையைத் தொடவில்லை. நான் வகுப்பு நோட்டை எடுத்து ஐந்து பெயர்களை எழுதினேன். தைப்பூசத்துக்குப் பிறகு ஐந்து வாரத்தில் ஐந்து பேருக்குக் கட்டி.

முதலில் வந்தது தர்மேந்திரனுக்கு. வயது பத்தொன்பது, வாய் நாற்பது. தைப்பூசத்தில் முதுகில் கொக்கி குத்திக் காவடி எடுத்தான். நான்காம் நாளே வந்து வெறும் முதுகோடு பெஞ்சில் படுத்து எடைத் தண்டைத் தூக்கினான். ஒரு வாரத்தில் தோள்பட்டைக்குக் கீழே சிவந்து வீங்கியது. "சூட்டுக் கட்டிதான்லா அக்கா, ஆட்டுக்கறி ஜாஸ்தியாயிருச்சு," என்றான். அவன் அம்மா சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் போட்டார். பிறகு இன்னும் மூன்று பேருக்கு. எல்லாருக்கும் சூடுதான் காரணம், எல்லாருக்கும் சுண்ணாம்பும் வெல்லமும்தான்.

ஐந்தாவது, என் அண்ணன் ஹேமநாதன். தொடையில் வந்த கட்டியை அவனே நசுக்கினான். மூன்றாம் நாள் காய்ச்சலில் கட்டில் ஆடும் அளவுக்கு நடுங்கினான், காலை ஊன்ற முடியவில்லை. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது, சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்று சொல்லி வேறு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். பதினோரு நாள். டாக்டர் எங்கள் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "இவர் ஜிம்முக்குப் போறாரா?" என்பதுதான். அந்தக் கேள்விதான் சுற்றிச் சுற்றி மேனேஜர் காதுக்குப் போனது.

கிராணி வந்துபோன மறுநாள் செவ்வாய். வகுப்பில் மோகனா மிஸ் மேசைகளைத் துடைக்கக் கற்றுக்கொடுத்தார். எனக்கு அது தெரியும் என்று நினைத்தேன். தர்மேந்திரனுக்குக் கட்டி வந்த நாளிலிருந்து ஜிம்மைத் துடைப்பது நான்தான். யாரும் கேட்காமல் நானே எடுத்துக்கொண்ட வேலை. ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் டெட்டால், ஒரு துணி. வகுப்பு இல்லாத நாட்களில் ஆறே முக்காலுக்கு, பெண்கள் நேரம் முடிந்ததும், பெஞ்சு, தண்டு, கைப்பிடி என்று ஒன்று விடாமல் துடைத்து வைப்பேன். ஏழு மணிக்கு ஆண்கள் வருவார்கள்.

மிஸ் ஒரு மேசையின் ஓரத்தில் வெள்ளைப் பொடி ஒரு சிட்டிகை தூவினார். "ரோகினி, ஆறு மேசையையும் தொடச்சிருங்க," என்று ஒரு துணி கொடுத்தார். அழுத்தித் துடைத்தேன். பொடி துளியும் தெரியவில்லை. மிஸ் விளக்கை அணைத்து ஒரு நீல டார்ச்சை அடித்தார்.

ஆறு மேசையும் ஒளிர்ந்தன. நான் துடைத்த வளைவு வளைவான கோடுகள், என் கை விரல்கள், என் முழங்கை, நோட்டின் அட்டை, எல்லாம் பச்சையாக மின்னின. வகுப்பே சிரித்தது.

"இப்ப பொடி எங்க இருக்கு?" என்றார் மிஸ்.

"எல்லா எடத்துலயும்."

"யாரு கொண்டு போனது?"

கையிலிருந்த துணியைப் பார்த்தேன். இடைவேளையில் நோட்டைத் திறந்து பார்த்தேன். தர்மேந்திரனுக்குப் பிறகு கட்டி வந்த நால்வரும் ஏழு மணிக்கு வருகிறவர்கள், நான் துடைத்த ஈரம் காய்வதற்குள் படுத்தவர்கள். காலையில் வருகிற பத்துப் பேரில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மிஸ்ஸிடம் காட்டினேன். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, "இத நிரூபிக்க முடியாது. துண்டு மாத்திக்கிட்டதுல போயிருக்கலாம், பெஞ்சுல போயிருக்கலாம். நல்லா இருக்கறவங்க தோல்லயும் மூக்குலயுமே இந்தக் கிருமி சும்மா இருக்கும், சின்னக் காயம் கெடச்சா உள்ள போயிரும். ஆனா உங்க துணியும் ஒரு வழிதான்," என்றார்.

புதன்கிழமை ஏழு மணிக்கு ஆண்கள் வந்ததும் சொல்லிவிட்டேன். மனப்பாடம் செய்து வைத்திருந்தது பாதியில் மறந்துபோனது. டார்ச்சு, பச்சைக் கோடு, என் வாளி என்று உளறினேன். ஹேமநாதன் கைத்தடியோடு வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"அப்ப என்னைய பதினோரு நாள் படுக்க வச்சது நீதானா?" என்றான்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"தெரியல அண்ணா. இருக்கலாம்."

"சின்ன வயசுல என் சைக்கிள ஒடச்சதுக்கே இன்னும் மன்னிப்புக் கேக்கல. அதையும் சேத்து வச்சுக்கறேன்," என்றான். தர்மேந்திரன் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும். சன்னாசி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "சரி பாப்பா, தப்பு தெரிஞ்சவதான் சரி பண்ணத் தெரிஞ்சவ. என்னா செய்யணும், சொல்லு," என்றார்.

நான் செய்யச் சொன்னது எதுவும் பெரிய வித்தை அல்ல. உள்ளே வரும்போது சோப்புப் போட்டுக் கை கழுவு, போகும்போதும் கழுவு. உன் துண்டு உன்னுடையது. அதை விரித்து அதன் மேல் படு. நீ படுத்த பெஞ்சை நீயே துடை. ஒரு காகிதத் துண்டு ஒரு பெஞ்சுக்குத்தான், பிறகு குப்பைத்தொட்டி. கிருமிநாசினிப் புட்டியில் எழுதியிருக்கிற நேரம்வரை பெஞ்சு ஈரமாக இருக்கட்டும், காயாமல் படுக்காதே. காயம் இருந்தால் மூடு. மூட முடியாவிட்டால் வராதே. கட்டியை நசுக்காதே, கிளினிக்குக்குப் போ, கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. வீட்டுக்குப் போனதும் குளி, உடுப்பைத் துவை.

கடினம், அதைத் தினமும் செய்ய வைப்பதுதான். முதல் வாரம் தர்மேந்திரன் பெஞ்சு காய்வதற்குள் அதன்மேல் ஊதினான். "வாயால ஊதுனா மறுபடியும் தொடைக்கணும்," என்றேன். "அலமாக்! அக்கா, போலீஸ் வேலைக்கு எழுதிப் போடுங்களேன்," என்றான். ஒருவருக்கொருவர் சவர பிளேடு மாற்றிக்கொள்வதை ஹேமநாதன் கண்டுபிடித்து நிறுத்தினான். பெஞ்சின் மேல்தோல் மூன்று இடத்தில் கிழிந்து உள்ளே பஞ்சு தெரிந்தது. கிழிசலுக்குள் இருப்பதை எந்த மருந்தாலும் துடைக்க முடியாது. சன்னாசி அண்ணன் இரண்டு பெஞ்சையும் லோரியில் ஏற்றிப் பெடாஸில் மோட்டார் சீட் தைக்கிற கடைக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது அவை சிவப்பாகப் பளபளத்தன. இரண்டு பக்கமும் அந்தக் கடைக்காரர் இலவசமாக மின்னல் கோடு வேறு தைத்திருந்தார்.

ஒவ்வொரு ஞாயிறும் எல்லாருடைய தோலையும் பார்த்துக் குறித்தோம். ஆண்களை ஹேமநாதன், பெண்களை நான். முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம் ஒன்றுமில்லை. மூன்றாம் வாரம் ஒருவன் கையில் சிவப்பு, கொசுக்கடி. அது தெரியும்வரை நான் சாப்பிடவில்லை.

ஏப்ரல் பதினொன்று பங்குனி உத்திரம். இருபத்தாறாம் நாள். சன்னாசி அண்ணன் தோட்டத்து முருகன் கோயிலில் இருபத்து நான்கு கொக்கி குத்திக் காவடி எடுத்தார். நானும் பின்னால் நடந்தேன். வெயிலில் தார் ரோடு கொதித்தது. அவர் முகம் மட்டும் குளிர்ந்திருந்தது.

மறுநாள் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அவர் ஜிம் வாசலுக்கு வந்தார். மேலே சட்டை இல்லை. முதுகில் இரண்டு வரிசையாகப் புள்ளிகள், அவற்றின் மேல் திருநீறு.

நான் கையில் பிளாஸ்டரோடு நின்றேன். "அண்ணே, மூடிக்கணும்," என்றேன்.

"சாமிக்குக் குத்துன எடத்த மூட மாட்டாங்க பாப்பா. திருநீறு போதும். இருபது வருஷமா ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்ல."

"ஆமாலா அக்கா, மூடுனா சாமிய நம்பலன்னு அர்த்தம்," என்று உள்ளேயிருந்து ஒருவன் சொன்னான். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். நான் யார்? இருபத்தொரு வயதுக்காரி, மினி மார்க்கெட்டில் பிஸ்கட் பாக்கெட்டை ஸ்கேனருக்குக் காட்டுகிறவள். அவர் கட்டிய ஜிம் இது. விலகி வழிவிட்டிருப்பேன். ஆனால் அவர் காவடி விரதம் இருந்த நாற்பத்தெட்டு நாளும் அவர் வீட்டு வழியாகத்தான் மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறேன்.

"அண்ணே, வெரதத்துல நீங்க தனிப் பாய் போட்டுத்தானே படுத்தீங்க?"

"ஆமா."

"தனித் தட்டு, தனி டம்ளர். உங்க பாயில புள்ளைங்களக்கூட ஒக்கார விடல. அந்த ஒடம்பு அவ்வளவு சுத்தமா இருக்கணும்னு பாத்துக்கிட்டீங்க. இப்ப அதே முதுகக் கொண்டுபோய் நாப்பது பேரு வேர்வ ஊத்திப் படுக்கற பெஞ்சுல வைக்கப் போறீங்க. அது மட்டும் சரியா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து தன் கால் பெருவிரலைப் பார்த்தார். திரும்பி நடந்தார்.

"முடிஞ்சுச்சு. இனிமே அவரு வரமாட்டாரு," என்றான் தர்மேந்திரன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதிகப்பிரசங்கி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அரை மணி நேரத்தில் என் போன் அடித்தது. சன்னாசி அண்ணன்.

"பாப்பா, காவடிக்கப்புறம் செய்யற இடும்பன் பூச முடியறவரைக்கும் மூட மாட்டேன். அது என் நேர்த்தி. ஆனா முதுகு ஆறுறவரைக்கும் உள்ளயும் வரமாட்டேன். அது உன் நேர்த்தி. சரியா?"

"சரிண்ணே," என்றேன். போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது. "கீழ் வரிசையில ஒண்ணு செவந்து சுடுது. முன்னயெல்லாம் நசுக்கிருவேன். இப்ப என்னா செய்ய?"

"கை வைக்காதீங்க. இப்பவே கிளினிக்குக்குப் போங்க. அண்ணனுக்கு வந்த கதையச் சொல்லுங்க."

கிளினிக்கில் சீழைத் துடைத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். சீக்கிரம் வந்ததால் காய்ச்சல் வரவில்லை, மாத்திரையிலேயே ஆறிவிடும் என்றார்கள். இடும்பன் பூஜையும் ஞாயிற்றுக்கிழமையே முடிந்திருந்ததால் நர்ஸ் கட்டுப் போடும்போது அவர் தடுக்கவில்லை. எனக்கு உயிர் திரும்பியது. உடனே மறுபடியும் போனது. கிராணி சொன்னது இன்னொரு கட்டி. இதோ, இன்னொரு கட்டி.

அன்று மாலை வகுப்புக்குப் போகும் வழியில் ஜிம்மில் நின்றேன். ஆளாளுக்குப் பேசினார்கள். "அவருதான் உள்ளயே வரலியே, அது எப்படி ஜிம் கட்டியாகும்?" "எழுதாதீங்க அக்கா, கிராணிக்கு எப்படித் தெரியும்?" "சாவி போயிருச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

ஹேமநாதன் மட்டும் தடியைத் தரையில் தட்டினான். "நான் நசுக்கினத யாருகிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா மூணு நாள் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். எழுது."

எழுதினேன். ஏப்ரல் பதினைந்து, சன்னாசி, முதுகு, ஒன்று. எழுதிய பிறகும் ஒரு மாதம் ஒவ்வொரு இரவும், செய்தது சரிதானா என்று யோசித்துக்கொண்டே படுத்தேன். கட்டி ஆறி, கிளினிக்கில் போகலாம் என்று சொன்ன பிறகு, மே மூன்றாம் தேதி சன்னாசி அண்ணன் சட்டையோடு உள்ளே வந்தார். கை கழுவினார், துண்டை விரித்தார், படுத்தார்.

மே பதினைந்து, வியாழக்கிழமை. நான் வகுப்புக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். நாற்பத்தொரு பேரும் வந்திருந்தார்கள். ஆறு மணிக்குக் கிராணி வந்தார்.

"சொல்லுங்க. எத்தன கட்டி?"

"சீரோ கிராணி! சுத்தமா சீரோ!" என்றான் தர்மேந்திரன்.

"ஒண்ணு," என்றேன் நான்.

தர்மேந்திரன் கண்ணை மூடிக்கொண்டான். யாரோ பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. நோட்டைக் கிராணியிடம் நீட்டினேன். அவர் நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து படித்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"சன்னாசி, ஏப்ரல் பதினஞ்சுக்கு முன்னாடி எந்த பெஞ்சுல படுத்த?"

"காவடிக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்ததோட சரி. குத்துனதுக்கு அப்புறம் உள்ள வரல கிராணி. இந்தப் பொண்ணு வாசல்லயே நிறுத்திருச்சு."

சிலர் சிரிப்பை அடக்கினார்கள்.

"கிளினிக் சீட்டு?"

"நோட்டுலயே ஒட்டியிருக்கேன்," என்றேன். அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

"அதுக்கப்புறம் முப்பது நாள். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம எல்லாரையும் பாத்திருக்கீங்க. வேற யாருக்காச்சும்?"

"யாருக்கும் இல்ல சார்."

அவர் நோட்டை மூடினார். "ஒரு செம்பனையில காளான் நோய் வந்தா நாம என்னா செய்யறோம் சன்னாசி?"

"சிவப்புச் சாயம் பூசுவீங்க. சுத்திக் குழி வெட்டுவீங்க."

"அப்புறம்?"

"பக்கத்து மரத்துக்குப் போச்சான்னு பாப்பீங்க."

"போகலன்னா அந்தத் தோட்ட பிளாக்கையே மூடுவோமா?" அவர் யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. "நான் கட்டிய எண்ணச் சொன்னேன். பரவுச்சான்னு கேட்டிருக்கணும். கேள்விதான் தப்பு." போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். செம்பனை மரங்களுக்கு அடியில் நடந்துகொண்டே மேனேஜரிடம் மலாயில் பேசுவது அரைகுறையாகக் கேட்டது. "தாக் மெரெபாக், துவான்," என்றார் இரண்டு தடவை. பரவவில்லை ஐயா. ஹேமநாதன் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்.

கிராணி திரும்பி வந்தார்.

"சாவிய நீயே வச்சுக்க, சன்னாசி."

கொட்டகை வெடித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. தர்மேந்திரன் என்னைத் தூக்க ஓடிவந்து, பாதியில் நின்று, ஓடிப்போய்க் கை கழுவிவிட்டு வந்து தூக்கினான். பெண்கள் ஒன்பது பேரில் மூத்தவரான மங்கம்மா அக்கா குலவையிட்டார். சன்னாசி அண்ணன் யாரையும் பார்க்காமல் பெஞ்சை இரண்டாம் முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே துடைத்திருந்த பெஞ்சு.

சத்தம் அடங்கியதும் கிராணி என் பக்கம் திரும்பினார். "ரோகினி, பகாவ் பக்கத்துல நம்ம கம்பெனி தோட்டம் இன்னொண்ணு இருக்கு. அங்கயும் பையன்ங்க ஜிம் வச்சிருக்காங்க. மூணு பேருக்குக் கட்டியாம், சுண்ணாம்பு வெல்லம் போட்டுக்கிட்டு இருக்காங்களாம். வந்து சொல்லிக் குடுக்க முடியுமா?"

எனக்குப் பேச வராது, பாதியில் மறந்துவிடுவேன், நான் இன்னும் படித்தே முடிக்கவில்லை என்று மூன்று காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. மூன்றும் உண்மைதான். அந்த மூன்று பேரில் யாராவது இப்போது கட்டியை நசுக்கிக்கொண்டிருக்கலாம் என்பதும் உண்மைதான்.

"ஞாயித்துக்கிழம காலையிலயே போலாம் சார்," என்றேன். "அதுவரைக்கும் யாரும் அதத் தொட வேணாம்னு இப்பவே போன் போட்டுச் சொல்லிருங்க."